மனுவின் மூன்றாம் கோரிக்கை
(சங்கத்தின் ஆண்டு விழாவில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் பற்றிப் பேசுவது நம் மரபு. செயலாளர் அவர்களும் அவ்வாறே எதிர்பார்த்துக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஆயினும் இவ்வாண்டு நாங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், ஆசிரியர் சங்கங்கள் அதைப் பற்றிக் கூறிவரும் கருத்துகளைப் பற்றியும் பேச விரும்பினோம். விழா நாளில் இப்படி வறண்ட பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செயலை இங்கே ஒளியாமல் சொல்லிவிட வேண்டும் என்பதே காரணம். மற்றொன்று: 1995-இல் மும்பை என்று பெயர் மாறிய இந்நகரை எங்களுள் மூத்தோர் இன்னமும் பம்பாய் என்றே அழைக்கிறார்கள். இடையிடையே அப்பெயர் வந்தால் பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்குப் பரிசு வழங்குவதற்காகத் தாராவியிலுள்ள ஒரு முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கு நாங்கள் சென்றிருந்தோம். காலையில் ஒரு மொழிப் பள்ளியும் பிற்பகலில் வேறொரு மொழிப் பள்ளியும் நடைபெறும் கட்டடம் அது. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையின்முன் அமர்ந்திருந்தன. பரிசளிப்பு முடிந்து தேநீர் வந்தபின், அந்த ஆசிரியை ஒரு தாளை எங்கள் முன் வைத்தார்கள். ஆசிரியர் சங்கம் தயாரித்த மனு அது. பெற்றோரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கையொப்பம் வாங்கி வார்டு அலுவலகத்தில் கொடுப்பதாக இருந்தார்கள். "அண்ணாச்சி, உங்க சங்கத்துப் பேரிலயும் ஒரு கையெழுத்து இருந்தா எடுபடும்" என்றார்கள்.

மனுவின் முதற் கோரிக்கை நிலுவைச் சம்பளம் பற்றியது. இரண்டாவது ஓய்வூதியம் பற்றியது. அவ்வளவில் எங்கள் கண் நின்றுவிட்டது. "இது தொழிற்சங்க விவகாரம் அம்மா, எங்களுடையது மொழிச் சங்கம், இதில் நாங்கள் தலையிடுதல் முறையாகாது" என்று நயமாகக் கூறித் தாளை மடித்துத் திருப்பித் தந்தோம். அந்த அம்மையார் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்கள்.

மூன்றாவது கோரிக்கையைப் பின்னரே அறிந்தோம். காலியாக இருக்கும் தமிழாசிரியர் இடத்தை நிரப்ப வேண்டும், இல்லையேல் வகுப்பு நிலைக்காது என்பது அது. இடம் நிரப்பப்படவில்லை. மறு ஆண்டு அவ்வகுப்புப் பிள்ளைகளுள் சிலர் இந்திப் பள்ளிக்கும், சிலர் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கும் சென்றனர். படிப்பையே விட்டவர்களும் உண்டு. குறள் ஒப்புவித்துப் பரிசு பெற்ற சிறுமி இப்பொழுது எப்பள்ளியில் இருக்கிறாள் என்று எங்களால் கண்டுபிடிக்க இயலவில்லை.

நிற்க. ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவர் பள்ளிச் சீர்திருத்தத்தைப் பற்றி வாய்திறந்தால், "இவர் கேட்பது சம்பளம்" என்று முடிவுகட்டி நாம் செவியை மூடிக்கொள்கிறோம். சம்பளம் ஒருபுறம், கல்வி மறுபுறம் என்று பிரித்துப் பார்க்கும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்ததோ அறியோம். நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணின் பெரியார் ஜோதிராவ் புலே அவ்வாறு பிரிக்கவில்லை. 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அவர் அளித்த வாக்குமூலத்தில், தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், அவருக்குப் போதிய ஊதியம் வேண்டும், ஏர் பிடிக்கவும் உளி பிடிக்கவும் நாணாத உழைக்கும் குடியிலிருந்து அவர் வரவேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டார். ஆசிரியர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது, பிள்ளை என்ன கற்கிறது என்பவை அவருக்கு ஒரே வினாவாகவே இருந்தன.

அதே மராட்டிய மாநிலத்தில் 2000-இல் 'சிக்ஷண் சேவக்' என்னும் முறை வந்தது. புதிதாகப் பணியேற்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் மூன்றாண்டுகள் மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. அத்தொகை 16,000 ரூபாயாக உயர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பாயில் மூவாயிரம் ரூபாயில் ஒருவர் எங்கே குடியிருப்பார், எத்தனை மணி நேரம் தனிப்பாடம் சொல்லி வீட்டு வாடகை கொடுப்பார், மறுநாட்காலை எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் சங்கத் தலைவர் எடுத்துரைத்தால் அது சம்பளப் பேச்சா, கல்விப் பேச்சா?

ஆசிரியரைக் கேளாமல் செய்யப்படும் சீர்திருத்தம் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி அவர்கள் திருந்திய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நகராட்சிகள் நீங்கலான ஊர்களில் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டும். அவரை எதிர்த்தோர் இட்ட 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இராஜாஜியின் கவலை பொய்யன்று என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். கட்டடம் இல்லை, பணம் இல்லை, பள்ளிக்கு வராத பிள்ளைகளோ கணக்கற்றோர். உள்ள ஆசிரியரையும் உள்ள அறையையும் கொண்டே இருமடங்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு தாளில் சரியாகவே இருந்தது. பிற்பகலில் அப்பிள்ளை எங்கே இருக்கிறான், எதைக் கற்கிறான், அதை எந்தப் பதிவேட்டில் குறிப்பது என்று ஒரு கிராமத்து உபாத்தியாயரைக் கேட்டிருந்தால், அவர் ஒரு நிமிடத்தில் விடை சொல்லியிருப்பார். தாராவியில் வாழும் நமக்கு இந்த விடை இன்னும் நன்றாகவே தெரியும். நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்குள்ள தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்கள், தம் மகன் பிற்பகலில் அதே தொட்டியில் இறங்கிப் பயில வேண்டும் என்றா ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்தார்கள்?

சட்டமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு மூண்டது. திட்டத்தை ஆராய ஒரு நிபுணர் குழு அமைந்தது. அதன் தலைவர் நம் பம்பாயின் புகழ்பெற்ற கல்வியாளர் ஆர். வி. பாருலேகர். ஏழை நாட்டில் எல்லாப் பிள்ளைகளையும் எவ்வாறு எழுத்தறியச் செய்வது என்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட நல்லறிஞர். அவருடைய குழு திட்டம் ஏற்கத்தக்கதே என்று அறிக்கை தந்தது. நிபுணர் ஏற்றதை மக்கள் ஏற்கவில்லை. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அப்போராட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரியாரையும் அண்ணாவையும் காமராசரையும் குறிப்பிடுவர். அது முறையே. நாள்தோறும் இரு பிரிவுப் பிள்ளைகளுக்கும் முன் நின்று அத்திட்டத்தைத் தம் தொண்டையால் நடத்திய ஆசிரியரின் பெயர் ஒன்றேனும் நமக்கு நினைவில் இருக்கிறதா?

காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக வந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் காலத்தை நாம் பகல் உணவுக்காகவும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்காகவும் போற்றுகிறோம். அவ்வளவாகப் பேசப்படாத மற்றொன்று அக்காலத்தில் நடந்தது. 1955-இல் சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் முப்பயன் திட்டம் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கும் வந்தது. அதற்குமுன் தனியார் பள்ளியில் தலைநரைக்கும்வரை உழைத்த ஆசிரியர் மேலாளரின் தயவை நம்பியே முதுமையைக் கழிக்க வேண்டும். மாஸ்டர் வா. இராமுண்ணி போன்ற தலைவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியரைத் திரட்டிய உழைப்பை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். முதுமைக்கு அஞ்சாத ஆசிரியர்களைக் கொண்டுதான் ஊர்தோறும் பள்ளி திறக்க முடிந்தது என்பது எங்கள் துணிபு.

ஆசிரியர் சங்கங்களின் பக்கமே எல்லா நியாயமும் உண்டு என்று நாங்கள் வாதிட வரவில்லை. குறைகளும் உள. இடமாற்றம், பதவி உயர்வு என்றால் விரைந்து எழும் குரல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தடுமாறும்போது ஏனோ தாழ்ந்து ஒலிக்கிறது. பெற்றோரைக் கூட்டி, "இதுதான் எங்கள் இடர், இதுதான் உங்கள் பிள்ளையின் இடர்" என்று சொல்லும் பழக்கம் சங்கங்களிடம் அரிது. அதன் விளைவைத் தமிழ்நாடு 2003 ஜூலையில் கண்டது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் பின்னர்ப் பணிக்குத் திரும்பினர். ஆனால் அந்நாட்களில் "நன்றாக வேண்டும்" என்று கைகொட்டிய பொதுமக்களும் இருந்தனர் அல்லவா? அவர்களுள் பலர் அந்த ஆசிரியர்களிடமே படித்தவர்கள்.

2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ அமைப்பினர் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது, பழைய ஓய்வூதியம் வேண்டும் என்பதோடு, 3,500 தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்கும் முடிவைக் கைவிட வேண்டும் என்றும் கேட்டனர். முதற் கோரிக்கை நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு சிற்றூரின் பள்ளி மூடப்படுமா என்ற இரண்டாவது கேள்வி எத்தனை வீடுகளில் பேசப்பட்டது? அந்த அம்மையாரின் மனுவை நாங்கள் படித்த விதம் இங்கே நினைவுக்கு வருகிறது.

கடல் கடந்து ஒரு நகரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் சிக்காகோவில் 1897-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் ஒரு சங்கம் கண்டனர். உறுதியளித்த ஊதிய உயர்வைத் தரப் பணமில்லை என்று கல்வி வாரியம் கைவிரித்தபோது, மார்கரெட் ஹேலி என்ற ஆசிரியை வரிக் கணக்குகளைத் துருவினார். நகரத்துப் பெருங்கம்பெனிகள் செலுத்த வேண்டிய வரியைச் செலுத்தாமலே இருந்தன என்பதைக் கண்டு, நீதிமன்றம் சென்று வென்றார். ஊதியம் கேட்கப் புறப்பட்டவர் நகரத்தின் கருவூலத்துக்கே காவலரானார். அதே நகரில் 2012 செப்டம்பரில் வேதியியல் ஆசிரியையான கேரன் லூயிஸ் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஊதியத்தோடு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பள்ளியில் தாதி உண்டா, ஓவியமும் இசையும் உண்டா என்பவற்றையும் ஆசிரியர்கள் பேசினர். பெற்றோருள் பலர் அவர்களோடு நின்றனர். மறு ஆண்டே ஏறத்தாழ 50 பள்ளிகள் மூடப்பட்டன என்பதையும் மறைக்கலாகாது. பேசியதனாலேயே எல்லாம் காப்பாற்றப்படுவதில்லை.

இனி நம் நகருக்கு வருவோம். தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இந்தியாவில் வேறு எங்குண்டு என்று நாம் பெருமை பேசுவதுண்டு. புத்தகம், சீருடை, காலணி முதலாக 27 பொருள்களை இலவசமாகத் தருகிறார்கள். அப்பள்ளிகளைத் தனியார் அமைப்புகளோடு கூட்டாக நடத்தும் கொள்கை 2013-இல் வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2017-இல் பத்துக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள 1,300-க்கு மேற்பட்ட பள்ளிகளை மூட மாநில அரசு முடிவு செய்தபோதும் ஆசிரியர் தலைவர்கள் குரலெழுப்பினர். 2020-21-இல் 'மும்பை பப்ளிக் ஸ்கூல்' என்ற புதுப்பெயரோடு மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் தொடங்கின. அவற்றில் இடம் பெறப் பெற்றோர் முண்டியடிக்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைப்பதை யார் வெறுப்பார்? புதுப்பலகை மாட்டிய கட்டடத்துக்கு வரும் அக்கறை, பலகை மாறாத தமிழ்ப் பிரிவுக்கும் வருமா என்பதே கேள்வி.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு மராட்டியம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலத்து வழக்குகளிலிருந்தும் எழுந்தது. பணியில் உள்ள ஆசிரியரும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பின், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பது அதன் சாரம். சங்கங்கள் கொதித்தெழுந்தன. தேர்வையே வெறுப்பது எங்களுக்கு உடன்பாடன்று. பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பவர் தாமும் ஒருமுறை எழுதிப் பார்ப்பதில் இழுக்கில்லை. ஆனால் இரு வகுப்பை ஓர் அறையில் வைத்துக்கொண்டு, தேர்தல் பணிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அனுப்பப்படும் ஐம்பது வயது ஆசிரியை எந்த இரவில் படிப்பார் என்று சங்கத் தலைவர் கேட்பதில் உண்மை உண்டு. கல்வி உரிமைச் சட்டம் மற்றப் பணிகளை விலக்கினாலும் இவ்விரண்டையும் பேரிடர்ப் பணியையும் விலக்கவில்லை.

பலரும் அறியாத ஒன்றை இங்கே கூறுகின்றோம். மராட்டிய மேலவையின் 78 இடங்களுள் ஏழு இடங்கள் ஆசிரியர் தொகுதிகள். மும்பைக்கும் ஒரு தொகுதி உண்டு. சிக்ஷக் பாரதி அமைப்பின் கபில் பாட்டீல் அதிலிருந்து 2006 முதல் 2024 வரை உறுப்பினராக இருந்து கல்வி பற்றி ஓயாமல் பேசினார். ஆனால் அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிலையில் கற்பிப்போர்க்கே அத்தொகுதியில் வாக்கு அளிக்கிறது. ஆனா ஆவன்னா கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அங்கே வாக்கில்லை! முனிசிபல் தமிழ்ப் பள்ளிகளோ பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகளே. தாராவித் தமிழ் வகுப்பின் ஆசிரியைக்கு மேலவையில் வாக்கில்லை. தம் சங்கத்திலேயே சிறுபான்மை. ஊராரோ மொழிச் சங்கம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். பின் அவர் எவரிடம் பேசுவார்?

தாராவியின் மறுசீரமைப்பு வேலைகள் நடைபெற்றுவரும் இந்நாளில் இது இன்னும் கூர்மையாகிறது. தகுதி பெற்றோர்க்குத் தாராவியுள் வீடு, ஏனையோர்க்கு வெளியே என்பது ஏற்பாடு. ஒரு சந்திலிருந்து இருபது குடும்பங்கள் வேறு புறநகருக்குச் சென்றால், இங்கே ஒரு தமிழ் வகுப்பு ஆளின்றிப் போகும். அங்கே இருபது பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இராது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய முயல வேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. வீட்டுக் கணக்கெடுப்போடு பள்ளிக் கணக்கெடுப்பும் வேண்டும் என்று கேட்பவர் யார்? எந்தப் பிள்ளை எந்தச் சந்திலிருந்து வருகிறது என்று மனப்பாடமாக அறிந்தவர் அந்த ஆசிரியர் ஒருவரே.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அன்பர்கள் சிலர், "எங்கள் பிள்ளைகள் முனிசிபல் பள்ளியில் இல்லையே" என்று நினைக்கலாம். உண்மை. எங்கள் கல்விக் குழுவினரின் பேரப்பிள்ளைகளும் ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். நாங்கள் எவரையும் குற்றம் சாட்டும் நிலையில் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். இந்நகரில் அரசுச் செலவில் தமிழில் எழுத்தறிவிக்கும் இடம் முனிசிபல் பள்ளிதான்.

சென்ற திங்களில் அந்த ஆசிரியையை நாங்கள் மீண்டும் சென்று கண்டோம். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. பழைய நிகழ்ச்சியை நாங்கள் நினைவூட்டியபோது, "அது கிடக்கட்டும் அண்ணாச்சி, புது மனு ஒண்ணு இருக்கு" என்று ஒரு தாளை எடுத்து வந்தார்கள். இம்முறை கடைசி வரி வரை படித்தோம். சம்பளம் இம்முறையும் முதலாவதாகவே இருக்கிறது. தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும் என்பது இப்பொழுதும் மூன்றாவதுதான். வரிசையை மாற்றி எழுதலாகாதா என்று கேட்டோம். "நீங்க கையெழுத்துப் போட்டு வாங்க, சங்கத்துல பேசி மாத்திருவோம்" என்றார்கள்.

கல்விக் குழுவினர் ஒன்பது பேரும் கையொப்பம் இட்டுவிட்டோம். அந்தத் தாள் அரங்கின் வாயிலருகே, மலர் விற்பனை மேசையின் வலப்பக்கத்தில், ஒரு பேனாவோடு வைக்கப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை அதை வார்டு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வோம். உடன் வர விரும்புவோர் பத்து மணிக்குள் தாராவி முதன்மைச் சாலைக்கு வந்துவிடக் கோருகின்றோம். குழந்தைகள் சலங்கை கட்டிக் காத்திருக்கிறார்கள்.